‘ஆர் தந்த குளிசை?’ – பெண் உடலமைப்பைத் தேடும் திருநங்கைகள் அறிந்திருக்க வேண்டியவை

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சமாதான காலத்தில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஒரு பக்கம் போவார், நான் மறுபக்கம் போவேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. இராணுவத்தினர் உடலைத் தடவிச் சோதிக்கும்போது என் கண் மற்ற வரிசையில்தான் இருக்கும். நான் நிற்க வேண்டியது அங்கே என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு சொல்லும் என்னிடம் இருக்கவில்லை.

2009 இல் அண்ணாவை இழந்தோம். முகாமிலிருந்து வந்து, பல்கலைக்கழகம் போய், ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றேன். அதன் பிறகுதான் எனக்கு நானே உண்மையைச் சொல்லிக்கொண்டேன். ஆனால், அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு மகனை யுத்தம் எடுத்துவிட்டது. மிச்சமிருக்கும் மகனும் மகனில்லை என்று சொன்னால் அவர் தாங்குவாரா?

சொல்லாமலே தொடங்கினேன். என்னைப் போன்ற ஒரு அக்கா சொல்லித் தந்தபடி, பாமசியில் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை வாங்கி, ஒன்று போட வேண்டிய இடத்தில் பலவற்றைப் போட்டேன். கூடப் போட்டால் கெதியாக மாறும் என்று நம்பினேன். ஏழாம் மாதம், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் இறங்கியபோது இடது கெண்டைக்கால் கனத்தது. மறுநாள் வீங்கிச் சூடேறியது. வைத்தியசாலையில் ஆண்கள் விடுதியில் படுக்க வைத்தார்கள். காலின் உள்நாளத்தில் குருதி உறைந்திருக்கிறது என்றார்கள். என்ன மருந்து பாவிக்கிறீர் என்று வைத்தியர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஒன்றுமில்லை என்றேன்.

கிளிநொச்சியிலிருந்து வந்த அம்மா என் பையைத் துழாவியபோது குளிசை அட்டை அவர் கையில் அகப்பட்டது. ஏன் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. “இது ஆர் தந்த குளிசை? டொக்டர் தந்ததோ?” என்று மட்டும் கேட்டார்.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். நான் வைத்தியர் அல்லள். மருந்துகளின் அளவை இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் அது ஆளுக்கு ஆள் மாறும், குருதிப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. நான் அனுபவித்ததையும், சர்வதேச மருத்துவ வழிகாட்டல்களில் வாசித்ததையும், வைத்தியர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டதையும் ஒரே இடத்தில் தருகிறேன். பிள்ளையின் பையில் இப்படியொரு குளிசை அட்டையைக் காணும் பெற்றோருக்கும் இது உதவக்கூடும்.

எது மாறும், எது மாறாது?

பருவமடையும் வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோன் ஆணுடலையும் ஈஸ்ட்ரோஜன் பெண்ணுடலையும் அமைக்கின்றன. வளர்ந்த ஒருவருக்கு ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்து டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால், உடலின் மென்மையான பகுதிகள் மெல்ல மெல்ல மாறும். மார்பு வளரும். தோல் மென்மையாகும். தசை குறையும். புதிதாகச் சேரும் கொழுப்பு வயிற்றைவிட இடுப்பு, தொடை, பிட்டம் ஆகிய பகுதிகளில் கூடுதலாகச் சேரும். முகத்திலும் கன்னம் சற்று உருளும்.

எலும்பு மாறாது. தோளின் அகலம், இடுப்பெலும்பின் வடிவம், உயரம், கையினதும் காலினதும் அளவு ஆகியவை பருவமடைதல் முடிந்த பிறகு எந்தக் குளிசைக்கும் அசையா. உடைந்த குரல் திரும்பாது. அதற்குக் குரல் பயிற்சிதான் வழி. உடல் மயிர் மெலியும், ஆனால் தாடி மயிர் ஹோர்மோனால் மட்டும் போய்விடாது.

வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பு எழுந்து இடுப்புக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. பழைய கொழுப்பு உணவாலும் உழைப்பாலும் கரைய வேண்டும். புதிதாகச் சேர்வதே புதிய இடத்துக்குப் போகும். அதனால்தான் இந்த மாற்றத்துக்கு வருடக் கணக்கில் காலம் எடுக்கிறது.

எவ்வளவு காலம்?

அகஞ்சுரப்பியல் சங்கம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலும், திருநர் சுகாதாரத்துக்கான உலகத் தொழில்வாண்மைச் சங்கம் 2022 இல் வெளியிட்ட எட்டாவது பதிப்பும் ஏறக்குறைய ஒரே கால அளவுகளைத்தான் சொல்கின்றன.

மார்பு வளர்ச்சி 3 முதல் 6 மாதங்களில் தொடங்கும். முதலில் காம்பின் கீழே ஒரு சிறு கட்டி போல வரும், தொட்டால் நோகும். முழு வளர்ச்சிக்கு 2 முதல் 3 வருடங்கள் செல்லலாம். கொழுப்பின் பரம்பல் மாறுவதும் 3 முதல் 6 மாதங்களில் தொடங்கும். அதன் உச்சத்துக்கு 2 முதல் 5 வருடங்கள் வரை எடுக்கும். தசை குறைவது 3 முதல் 6 மாதங்களில் தொடங்கி, 1 முதல் 2 வருடங்களில் நிலைக்கும். உடல் மயிர் மெலிய 6 முதல் 12 மாதங்கள் தேவை.

மார்பு எவ்வளவு வளரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலானோருக்கு அது சிறிதாகவே இருக்கும். மருந்தைக் கூட்டினால் மார்பு பெருக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஆபத்து மட்டும் கூடும். ஏழு மாதங்களில் நான் ஐந்து வருட மாற்றத்தைத் தேடினேன். கிடைத்தது கால் வீக்கம்.

மருந்துகளில் எது எது?

வைத்தியர்கள் வழமையாகக் கொடுப்பது ஈஸ்ட்ராடையோல். பெண்ணுடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இது. குளிசையாக, தோலில் ஒட்டும் துண்டாக, பூசும் களியாக, ஊசியாகக் கொடுக்கலாம். தோல் வழியாகச் செல்லும் வகைகளில் குருதி உறையும் ஆபத்துக் குறைவு. வயது கூடியவர்களுக்கும், ஏற்கெனவே குருதி உறைவு வந்தவர்களுக்கும் அந்த வகையே விரும்பத்தக்கது என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. இன்று நான் பாவிப்பதும் அதுதான்.

டெஸ்டோஸ்டிரோனைத் தடுப்பதற்கு வேறு மருந்துகள் உண்டு. அவற்றில் ஸ்பைரோனோலக்டோன் உண்மையில் குருதி அமுக்கத்துக்கும் உடலில் நீர் தேங்குவதற்கும் கொடுக்கப்படும் மருந்து. அது உடலில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. எனவே, சிறுநீரகமும் பொட்டாசியமும் பரிசோதிக்கப்பட வேண்டும். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு. வெயிலுக்கு நல்லது என்று இளநீரை அள்ளிக் குடிப்பவர்கள் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். மற்றது சைப்ரோட்டெரோன். இதை அதிக அளவில், நீண்ட காலம் எடுத்தால் மூளையுறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் ஆபத்து உண்டு. 2020 இல் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் இதன் பாவனையைக் கட்டுப்படுத்துமாறு பரிந்துரைத்தது. ஈரலையும் இம்மருந்து பாதிக்கலாம்.

தடுப்பு மருந்தை மட்டும் தனியே நீண்ட காலம் எடுக்கவும் கூடாது. டெஸ்டோஸ்டிரோனும் இல்லாமல் ஈஸ்ட்ரோஜனும் இல்லாமல் இருந்தால் எலும்பு தேயும்.

முதல் வருடத்தில் சுமார் மூன்று மாதங்களுக்கு ஒரு தடவையும், பின்னர் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவையும் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஹோர்மோன் அளவு சரியா, ஈரலும் சிறுநீரகமும் தாங்குகின்றனவா என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். கண்ணாடி சொல்லாது.

இன்னொன்றையும் தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டும். ஹோர்மோன் சிகிச்சையால் விந்தணு உற்பத்தி குறையும். மருந்தை நிறுத்தினாலும் அது திரும்பாமல் போகலாம். பிள்ளைகளை யுத்தத்துக்குப் பறிகொடுத்த வீடுகளில் ‘எங்கட வம்சம்’ என்ற பேச்சு எவ்வளவு பாரமானது என்று எனக்குத் தெரியும். எதிர்காலத்தில் பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும், விந்தணுவை உறைநிலையில் சேமிப்பது பற்றி முதல் சந்திப்பிலேயே வைத்தியரிடம் கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையும் ஊசியும்

எங்கள் மத்தியில் அதிகம் பாவிக்கப்படுவது இவைதான். மலிவு, யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால், சாதாரண கர்ப்பத்தடைக் குளிசையில் இருப்பது பெரும்பாலும் எத்தினைல் ஈஸ்ட்ராடையோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். ஈஸ்ட்ராடையோலைவிட இதற்குக் குருதியை உறைய வைக்கும் தன்மை கூட. திருநங்கைகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்றே வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஒன்றைப் போடும் இடத்தில் நாலைப் போட்டால் ஆபத்து எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அதனுடன் சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் கர்ப்பத்தடை ஊசியில் ஈஸ்ட்ரோஜன் இல்லவே இல்லை. அதில் இருப்பது புரோஜெஸ்டரோன் வகை. மார்பு வரும், இடுப்பு வரும் என்று நம்பி அதைப் போடுபவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரே ஊசியை இருவர் பாவித்தால் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சியும் தொற்றும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சிலிக்கன் ஊசி வேண்டாம்

இடுப்பிலும் பிட்டத்திலும் திரவ சிலிக்கனை ஏற்றி ஒரே நாளில் உருவத்தை மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உடல் வடிவத்துக்காகத் திரவ சிலிக்கனை ஏற்றுவதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை. 2017 இல் அது பகிரங்கமாக எச்சரிக்கையும் விடுத்தது. ஏற்றிய திரவம் குருதிக் குழாய்க்குள் போனால் நுரையீரலையோ மூளையையோ அடைத்து உயிரைப் பறிக்கலாம். உயிர் தப்பினாலும் வருடங்களுக்குப் பிறகு கட்டியாக, புண்ணாக, வேறு இடத்துக்கு நகர்ந்த வீக்கமாக வரும். அதை முழுமையாக எடுக்கவும் முடியாது.

அறுவைச் சிகிச்சை மூலம் மார்பில் பதியம் வைப்பது வேறு விடயம். தகுதி பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் வைத்தியசாலையில் செய்வது அது. அதற்கும் குறைந்தது ஒரு வருடமாவது ஹோர்மோன் எடுத்துவிட்டுப் போவது நல்லது. சொந்த மார்பு எவ்வளவு வளரும் என்று தெரிந்த பிறகுதான் வைத்தியரால் சரியாகத் திட்டமிட முடியும்.

யுத்தம் காயப்படுத்திய உடல்கள்

வெளிநாட்டு வழிகாட்டல்களை வாசிக்கும்போது எங்கள் உடல்களின் கதை அவற்றில் இல்லை என்று தோன்றும். ஆனால், தேடினால் பொருந்துகிற இடங்கள் இருக்கின்றன.

காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயம்பட்டவர்கள், நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு, ஹோர்மோன் எடுக்காவிட்டாலும் குருதி உறைவு ஆபத்து உண்டு. அசையாத காலில் குருதி மெதுவாகவே ஓடும். எனவே, பழைய காயத்தை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். எப்படிக் காயம் வந்தது என்று சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. எங்கே காயம், எவ்வளவு நேரம் நடக்க முடியும், உடலில் துண்டுகள் இருக்கின்றனவா என்பது போதும். நீண்ட பஸ் பயணத்தில் இடையில் இறங்கி நடவுங்கள். தண்ணீர் குடியுங்கள்.

மெலிவும் எங்களில் பலருக்குப் பொதுவானது. வன்னியில் பட்டினி கிடந்து வந்த உடல்கள் இவை. நான் தொடங்கியபோது 47 கிலோ. ஈஸ்ட்ரோஜன் கொழுப்பை எங்கே சேர்ப்பது என்றுதான் சொல்கிறது. சேர்ப்பதற்குச் சாப்பாடு வேண்டும். மெலிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தால் இடுப்பும் வராது, மார்பும் வராது.

சாப்பாடும் உடற்பயிற்சியும்

விலை கூடிய மா வகை எதுவும் தேவையில்லை. சோறு, பருப்பு, முட்டை, சின்ன மீன், கீரை, பயறு, அளவாகத் தேங்காய். நெத்தலியும் கீரையும் எலும்புக்கும் நல்லவை. எடை கூடியவர்கள் இனிப்புப் பானத்தையும் சீனித் தேநீரையும் குறைத்தால் வயிறு இறங்கும். இடுப்பு தெரிவதற்கு அது உதவும்.

இடுப்பிலும் தொடையிலும் தசை கொஞ்சம் பெருத்தால் உருவம் சமநிலைப்படும். குந்தி எழும்புவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது, படியேறுவது ஆகிய மூன்றையும் வாரத்தில் மூன்று நாள் செய்யலாம். தோளையும் கையையும் பெருப்பிக்கும் பாரம் தூக்கலைக் குறைக்கலாம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாது. அதற்காக வேலையை விட வேண்டாம். ஹோர்மோன் தன் வேலையைச் செய்யும்.

வயிற்றை இறுக்கிக் கட்டும் பட்டி இடையை நிரந்தரமாகச் சிறிதாக்காது. சிறிது நேரம் அணியலாம். மூச்சு முட்டினால், நெஞ்செரிந்தால் கழற்ற வேண்டும். உடலில் ஒட்டுநாடா ஒட்டி மறைப்பதும் தோலைப் புண்ணாக்கும். இறுக்கமான உள்ளாடை போதும்.

தையல்காரியிடம் போகலாம்

ஹோர்மோனுக்கு வருடங்கள் எடுக்கும். உடுப்புக்கு ஒரு பின்னேரம் போதும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தோள் அகலமானால் கூம்புக் கழுத்து நல்லது. தோளில் சுருக்கு வைத்த கை வேண்டாம். பஞ்சாபி தைக்கும்போது இடையில் பிடித்து, இடுப்பிலிருந்து விரியும்படி வெட்டச் சொல்லுங்கள். சாறிக்குள் கட்டும் உள்பாவாடையின் மேற்பகுதியில் சுருக்கு வைத்தால் இடுப்பு அகலமாகத் தெரியும். கஞ்சி போட்ட பருத்திச் சாறியும் அதே வேலையைச் செய்யும். நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் ஸ்பொஞ்சை வெட்டி, இறுக்கமான காற்சட்டைக்குள் வைத்துத் தைத்தால் இடுப்புக்கு அது போதும். ஓரத்தை மெல்லியதாக்காவிட்டால் வெளியே கோடு தெரியும்.

எங்கள் பக்கம் வீட்டில் இருந்து தைக்கும் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய கணவர் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. முதல் தடவை அவரிடம் போனபோது வாசலில் நின்று கால் நடுங்கியது. அவர் அளவு நாடாவை எடுத்தார். “மார்பளவு எவ்வளவு வைக்கிறது, பிள்ளை? பிறகு வளர்ந்தால் பிரிச்சு விடுறதுக்கு உள்ளுக்குத் துணி விடவோ?” என்று கேட்டார். அந்தச் சட்டையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாயிற்று.

எங்கே தொடங்குவது?

அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் தொடங்கலாம். இது பைத்தியம் என்று சொல்வதற்காக அல்ல. 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி, பாலின அங்கீகாரச் சான்றிதழை வழங்குபவர் உளநல மருத்துவ நிபுணர். ஹோர்மோன் சிகிச்சைக்கு அகஞ்சுரப்பியல் நிபுணரிடம் அனுப்புபவரும் அவரே. இச்சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்த விண்ணப்பிக்கலாம். பின்னர் தேசிய அடையாள அட்டை.

எங்கள் அடையாள அட்டையில் இலக்கமே பாலினத்தைச் சொல்லும் என்பது பலருக்குத் தெரியாது. பிறந்த வருடத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டுகின்றன. பெண் என்றால் அதனுடன் 500 கூட்டப்படும். சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டி வளர்ந்த எங்களுக்கு அந்த 500 சிறிய விடயம் அல்ல.

உடனே செல்ல வேண்டிய அறிகுறிகள்

ஒரு கால் மட்டும் வீங்குதல், நோதல், சூடாதல். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோவு, இருமலில் இரத்தம். தாங்க முடியாத தலையிடி, பார்வை மங்குதல், ஒரு பக்கம் பலமிழத்தல், பேச்சுக் குழறுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அது கட்டணமில்லாத அம்புலன்ஸ் சேவை. என்ன மருந்து, எவ்வளவு காலம் எடுத்தீர்கள் என்பதை முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். விடுதியில் என்ன பேசுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. பேசவும் செய்தார்கள். ஆனால், உண்மையைச் சொன்ன பிறகுதான் சரியான வைத்தியம் கிடைத்தது.

எல்லாத் திருநங்கைகளுக்கும் இந்த மாற்றங்கள் வேண்டும் என்றில்லை. மருந்தே எடுக்காமல் நிம்மதியாக வாழ்பவர்களும் பெண்கள்தான். வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் மெதுவாகப் போங்கள்.

நான் இப்போது ஆறாவது வருடத்தில் இருக்கிறேன். தோள் அதே தோள். இடுப்பு கொஞ்சம் வந்திருக்கிறது. கிளினிக் முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் அம்மா இப்போதும் பையைத் திறந்து குளிசை அட்டையை எடுத்துப் பார்க்கிறார். அதன் மேல் ஒட்டியிருக்கும் வைத்தியசாலைத் துண்டை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். மகள் என்று அவர் இன்னும் என்னை அழைத்ததில்லை. ‘பிள்ளை’ என்கிறார். துண்டு சரியாக இருந்தால் அட்டையைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு, சோறு போடப் போய்விடுவார்.